சுவரில் கை வைக்காதீர்கள்

எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டில் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருக்கும் சுவரில் முதலில் ஒரு கையகலக் கறைதான் தெரிந்தது. பிறகு சாயம் உப்பிக்கொண்டு, அப்பளம் மாதிரி உடைந்து உதிர ஆரம்பித்தது. சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய் எங்கேயோ ஒழுகிக்கொண்டிருந்தது. சுவரை உடைத்துக் குழாயை மாற்றுவது அரை நாள் வேலை. ஆனால் நான் அப்போது கர்ப்பமாக இருந்தேன். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார்.

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. "பைப்புக்கும் பிள்ளைக்கும் என்னத்த சம்பந்தம் அத்த?" என்று கேட்டேன். அவர் என் வயிற்றையே பார்த்தார். அதற்கு முந்தைய வருடம் எனக்கு ஒரு பிள்ளை வயிற்றிலேயே கலைந்துபோயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஆனால் அத்தை அப்படிப் பார்த்தபோது அதைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அடங்கிப்போனேன்.

என் கணவர் விடிவதற்கு முன்பே எல்லை தாண்டி சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். "அம்மா சொல்றாங்க, நீ ஒன்னு சொல்ற. என்னைய நடுவுல இழுக்காத லா" என்பார். அதனால் அத்தை கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, நானே குழாய் வேலை செய்யும் ஒரு சீன அங்கிளை வரவழைத்தேன். சீனர்களுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் இருக்காது என்பது என் கணக்கு. அவர் என் வயிற்றைப் பார்த்ததும் வாசலைத் தாண்டவே இல்லை. "அலமாக், உள்ளே பிள்ளையா! முடியாது லா" என்று மலாயில் சொல்லிவிட்டு வேனைத் திருப்பினார். அடுத்து வந்த மலாய்க்காரர், பிள்ளை பிறந்ததும் சொல்லி அனுப்புங்கள் என்று மரியாதையாக மறுத்தார். இந்த நாட்டில் எல்லா இனத்தவரும் ஒருமனதாகச் சேர்வது என் வயிற்று விஷயத்தில்தானா என்று சிரிப்பும் ஆத்திரமுமாக வந்தது.

தண்ணீர் மீட்டரை மூடி வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறந்தோம். ஒழுகல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. துடைத்தால் மறுநாள் திரும்பவும் வந்தது. எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஈர வீட்டில் இருக்க வேண்டாம் என்றார் டாக்டர். அம்மா வீடு தங்காக் ஊரில். அவ்வளவு தூரம் காரில் போகக் கூடாது என்றும் அவரேதான் சொன்னார். எங்கேதான் போவேன்?

ஒருநாள் காலையில் அதே சீன அங்கிள் திரும்பவும் வந்தார். கூட்டிவந்தது அத்தை. அவரிடம் எவ்வளவு கெஞ்சினாரோ தெரியவில்லை.

"ஒடைக்கட்டும்மா. பாவம் வந்தா என் தலையில வரட்டும். நீ இருமுறத என்னால கேக்க முடியல" என்றார் என்னிடம்.

நான் கேட்டதுதான் நடக்கப்போகிறது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அங்கிள் உளியைச் சுவரில் வைத்து, சுத்தியலை ஓங்கினார்.

"வேணாம்!"

கத்தியது நான்தான். இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கிள் என்ன ஏது என்று கேட்காமல் உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் அதுதான் நிம்மதியாக இருந்திருக்கும்.

அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நீ நம்பலன்னுதானே நான் தைரியமா கூட்டியாந்தேன்" என்று சொல்லி அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இருமல் தொண்டை வரைக்கும் வந்தது. அவர் காதில் விழக் கூடாதே என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.