அக்காடியப் பெண்ணின் பிரெஞ்சு

அவள் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு குளிர்காலத்தில் வந்து சேர்ந்தாள். ஆக்லாந்து நகர மையத்தில், பயணிகளுக்குத் தொலைபேசியில் உதவுகிற நிறுவனம் அது. நான் ஆங்கில அழைப்புகளை எடுப்பேன். நியூ கலிடோனியாவிலிருந்தும் டாஹிட்டியிலிருந்தும் வருகிற பிரெஞ்சு அழைப்புகளுக்கு ஆள் போதாமல் அவளை எடுத்தார்கள். முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். கனடாவின் கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவள். எங்கள் நிறுவனத்தோடு கட்டப்பட்ட விசாவில் வந்திருந்தாள். வேலை போனால் விசாவும் போய்விடும்.

"நீர் பிரெஞ்சுக்காரியா?" என்று கேட்டேன்.

"இல்லை. அக்காடியன்."

நான் விழித்ததைப் பார்த்துச் சிரித்தாள். நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். ஆனால் அவள் சொன்னதெல்லாம் எனக்கு என் தமிழிலேயே நினைவிருக்கிறது.

அவளுடைய ஆட்கள் பல தலைமுறைகளுக்கு முன் பிரான்ஸிலிருந்து போய் அந்தக் கரையில் குடியேறியவர்கள். கடல்நீர் ஏறும் சதுப்பு நிலத்தில் அணை கட்டி, உப்பைக் கழுவி, விளைநிலமாக்கினார்கள். பிறகு ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. தங்கள் அரசருக்குப் பணிவதாகக் கேட்ட சத்தியத்தைச் செய்து கொடுக்கவில்லை என்று, ஆண்களைத் தேவாலயத்துக்குக் கூப்பிட்டுக் கதவைப் பூட்டினார்கள். வீடுகளைக் கொளுத்தினார்கள். எல்லாரையும் கப்பல்களில் ஏற்றினார்கள்.

"புருசன் ஒரு கப்பல், பெண்சாதி ஒரு கப்பல். பிள்ளையள் எந்தக் கப்பல் எண்டு ஆருக்கும் தெரியாது. சில பேரைப் பிரான்ஸிலயே கொண்டுபோய் இறக்கினவங்கள். அங்கையும் அவையை ஒருத்தரும் தங்கட ஆக்கள் எண்டு சேர்க்கேல்லை."

"திரும்பி வந்தவையே?"

"கொஞ்சப் பேர் நடந்தே வந்தவை. வந்து பார்த்தா, காணியில வேற ஆக்கள். பிறகென்ன, கல்லும் கடலும்தான் எங்களுக்கு."

சாப்பாட்டு அறையில் அவள் இதைச் சொன்னபோது, பிரெஞ்சுப் பிரிவின் மேலாளரும் பக்கத்து மேசையில் இருந்தார். பாரிஸ்காரர். நன்றாக உடுத்துவார், எல்லாரோடும் இனிமையாகப் பழகுவார். கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் பேசிய பிரெஞ்சு, கப்பலேறிய அந்த ஆட்களின் பிரெஞ்சு. பிரான்ஸ் எப்போதோ கைவிட்ட சொற்கள் அவள் வாயில் உயிரோடு இருந்தன. சப்பாத்துக் கயிறு கட்டுவதற்குக்கூட, படகைத் துறையில் கட்டுகிற சொல்லையே சொல்வாள். என் பக்கத்து மேசையில் தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் இருந்தார். நான் வீட்டோடு தொலைபேசியில் கதைத்ததைக் கேட்டு, "அக்கா, நீங்க பேசுறது மலையாளமா?" என்று கேட்டவர். அதை அவளுக்குச் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மேலாளர் தம்பியைப் போலச் சும்மா கேட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. முதலில் அவளுடைய சொற்களைத் திருத்தினார். பிறகு எல்லார் முன்னாலும் நிற்கவைத்து, திருத்தியதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். பிறகு அவளுக்கு 'மியூசியம்' என்று பேர் வைத்தார். "மியூசியம் வந்தாச்சா?" என்று காலையில் கேட்பார். மற்றவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். அவளும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, காலைத் தேநீருக்கு எல்லாரையும் கூட்ட அறைக்கு அழைத்தார். கேக் இருந்தது. அவள் எடுத்த ஓர் அழைப்பின் ஒலிப்பதிவைப் போட்டார். மறுமுனையில் ஒரு வயதான மனிதர். மேலாளர் ஒவ்வொரு வசனத்திலும் நிறுத்தி, அவள் சொன்னது ஏன் வேடிக்கை என்று ஆங்கிலத்தில் விளக்கினார். அவளுடைய இழுப்பை நடித்துக் காட்டினார். அறை குலுங்கியது. அவள் கேக் தட்டை மடியில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்: "அந்த மனுசன்ர பெண்சாதி பிளேனுக்குள்ள செத்துப்போனவ. அவர் அழுதுகொண்டிருந்தவர். நான் ஆறுதல் சொன்னனான். அதைத்தான் நீங்கள் எல்லாரும் கேட்டது."

பிரெஞ்சு தெரியாத எங்களுக்கு அது விளங்கவில்லை. மேலாளருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியிருந்தது.

சோதனைக் காலம் முடிவதற்குள் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மொழித் தரம் போதாதாம். மேலாளர் அதைத் தன் அறையில் சொல்லவில்லை. அவளுடைய மேசைக்கு வந்து நின்று, எல்லார் காதிலும் விழச் சொன்னார். அவள் பையை எடுத்தாள். அப்போது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கவலைப்படாதே. கப்பலேறுவது உங்கள் ஆட்களுக்குப் பழக்கம்தானே."

நான் எழும்பினேன். "என்ன சொன்னீங்கள்?"

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் அந்தப் பழக்கம் உண்டு, இல்லையா?"

நான் போருக்குத் தப்பி ஊரைவிட்டு வந்தவள் என்பது அவருக்குத் தெரியும். யாரோ சிரித்தார்கள். தமிழ்நாட்டுத் தம்பி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆட்களைக் கவனிக்கும் பிரிவுக்குப் போய்ச் சொன்னேன். அங்கிருந்த பெண்மணி கனிவாகக் கேட்டாள். "பகிடிக்குச் சொல்லியிருப்பார். அவளே முறைப்பாடு செய்யவில்லையே," என்றாள். திரும்பி வந்து, அக்காடியப் பெண்ணிடம் முறைப்பாடு செய்யச் சொன்னேன். "செய்தா விசா திரும்பி வருமே?" என்று கேட்டாள்.

வேறு வேலை தேட விசாவில் இன்னும் சில வாரங்கள் இருந்தன; அதுவரை நகரின் ஓரத்தில், பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் வீட்டில் தங்கினாள். கேட்ட இடங்களிலெல்லாம் தொலைபேசியில் பிரெஞ்சு பேசச் சொன்னார்கள். பேசினாள். ஓர் இடத்தில், "எங்களுக்குச் சரியான பிரெஞ்சு வேண்டும்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்கள். மற்ற இடங்கள் அதைக்கூடச் சொல்லவில்லை.

நான் தமிழில் கேட்பதற்கு என் மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதை அவள் கவனித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள், மகளுக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னாள்: "பிரெஞ்சு கதைச்சதுக்கு என்ர அப்பாவைப் பள்ளிக்கூடத்தில அடிச்சவை. அவர் அப்பவும் விடேல்லை. உன்ர மகள் ஒரு அடியும் வாங்காமலே விட்டுட்டாள்."

மகள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். "என்ர பிள்ளையைச் சொல்ல நீர் ஆர்?" என்று கேட்டேன். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த நாள் முழுக்க நாங்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. அவள் சொன்னது பொய்யில்லை. அதனால் கோபம் இன்னும் கூடியது.

விசா முடிகிற வாரத்தில் அவளை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். தாயோடு தொலைபேசியில் கதைத்தபடியே உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுடைய கதிரையில் பிரான்ஸிலிருந்து வந்த ஓர் இளைஞன் இருக்கிறான். மேலாளர் இப்போது முழுத் தளத்துக்கும் பொறுப்பு. என் அழைப்புகளையும் அவர்தான் கேட்டு மதிப்பிடுகிறார். பாராட்டித்தான் எழுதுகிறார்.

அவளிடமிருந்து ஒருமுறை குறுஞ்செய்தி வந்தது. ஊரில் ஒருவரும் அவளுடைய பிரெஞ்சைத் திருத்துவதில்லையாம். ஆனால் வேலை இல்லையாம். ஆங்கிலம் மட்டுமே செல்லுபடியாகிற ஒரு பெரிய நகரத்துக்கு, தொலைபேசி அழைப்பு எடுக்கிற வேலைக்கே, போகப் போகிறாளாம்.