இரண்டு டீஸ்பூன் வெனிலா

இன்று காலை எங்கள் வீட்டு ஓவனில் ஒரு தப்பு நடந்துவிட்டது. செய்தது நான்.

சத்தம் வராமல் போர்வைக்குள் உட்கார்ந்து டைப் பண்ணுகிறேன். இந்த அக்கவுண்ட் இருப்பது அம்மாவுக்குத் தெரியாது. தமிழில் எழுதினால் என் ஸ்கூலில் யாருக்கும் படிக்க வராது. (ஆறாவது வரை கோயம்புத்தூரில் படித்ததற்கு இது ஒன்றுதான் லாபம்!)

அப்பா ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். நாற்பத்தொரு நாள் விரதம். இன்று முப்பத்து நான்காவது நாள்.

மாலை போட்டால் வீட்டிலும் அவரை "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான்.

எனக்குச் சாமியை ரொம்பப் பிடிக்கும். சாமி விடிவதற்கு முன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிப்பார். என்னைக் "கண்ணு" என்பார். சாமி குடிக்க மாட்டார்.

அப்பா குடிப்பார். எங்கள் கிச்சன் பேன்ட்ரி கதவில் ஒரு முஷ்டி அளவு ஓட்டை இருக்கிறது. அதை மறைத்துத்தான் அம்மா கோயில் காலண்டரை மாட்டியிருக்கிறாள்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

வின்டர் பிரேக் ஆரம்பித்ததால் இந்தச் சனிக்கிழமை, அதாவது இன்று, பூஜை எங்கள் வீட்டில். எங்கள் ஊர் பேர்லேண்டைச் சுற்றியிருக்கும், மாலை போட்ட மற்ற ஐந்து சாமிகள் வருவதாக இருந்தது. வியாழக்கிழமையே அப்பா என்னிடம் கேட்டார்.

"கண்ணு, அஞ்சு வாரமா எல்லார் வீட்லயும் பொங்கல்தான். நீ ஏதாச்சும் புதுசாப் பண்ணேன்."

என்னிடம் அவர் ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை!

பேக்டு ஓட்ஸ் செய்வதென்று முடிவு செய்தேன். பழைய ட்ரேயில் சிக்கன் செய்திருக்கிறோம் என்பதால் புது ட்ரே வாங்க வைத்தேன். முட்டைக்குப் பதில் ஆளி விதைப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்தேன். மசித்த வாழைப்பழம், நறுக்கிய ஆப்பிள், பால், நாட்டுச் சர்க்கரை. பட்டை, சுக்கு, கிராம்பு, கொஞ்சம் ஜாதிக்காய் எல்லாம் நானே பொடித்தேன். மேலே வால்நட்.

ரெசிபியில் போட்டிருந்தபடி இரண்டு டீஸ்பூன் வெனிலா எக்ஸ்ட்ராக்ட்.

வீடு முழுக்க வாசம். ஐந்து பேரும் பூஜை முடிந்து தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்பா மூன்று முறை கேட்டு வாங்கினார்.

"எம் பொண்ணு பண்ணது சாமி! கடைல கூட இப்படிக் கெடைக்காது!"

அப்போதுதான் அந்த ஐந்து பேரில் ஒருவரான செந்தில் அங்கிள் தட்டு கழுவக் கிச்சனுக்குள் வந்தார். (கடையில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டையே ஐந்து நிமிடம் படிக்கிறவர்!) கவுன்டரில் இருந்த குட்டி பாட்டிலை எடுத்துத் திருப்பினார்.

"சாமி, இதுல ஆல்கஹால் இருக்கே! முப்பத்தஞ்சு பர்சன்ட் போட்டிருக்கு!"



உடனே, குழுவை வழிநடத்தும் குருசாமிக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். அவர் சிரித்தேவிட்டார்.

"கொழந்த தெரியாமப் பண்ணதுக்கெல்லாம் ஐயப்பன் கோவிச்சுக்க மாட்டான் சாமி. நூத்தெட்டு சரணம் சொல்லிட்டு ஆகற வேலையப் பாருங்க."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. நூற்றெட்டுச் சரணமும் சொன்னார்கள், நானும் கூடச் சொன்னேன். செந்தில் அங்கிள் இன்னொரு துண்டை டிஷ்யூவில் சுற்றி எடுத்துக்கொண்டார். (ஓவன் சூட்டில் ஆல்கஹால் எல்லாம் ஆவியாகியிருக்குமாம்!)

ஆனால் குருசாமி "பரவாயில்லை" என்ற மாதிரிச் சொன்ன அந்த நொடியில் நான் அப்பா முகத்தைப் பார்த்தேன்.

அதில் நிம்மதி இல்லை. கைக்கு வந்ததை யாரோ திருப்பி வாங்கிக்கொண்டது போல் இருந்தது.

சாயங்காலம் நான்கு மணிக்கு மாலையைக் கழற்றி ஐயப்பன் படத்தில் மாட்டிவிட்டார்.

அம்மா பதறினாள். "என்னங்க இது? குருசாமிதான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரே!"

"அவரு சொல்லுவாரு. எனக்கு மனசு ஒப்பல. உள்ள போயிருச்சுல்ல? அப்பறம் என்ன வெரதம்?"

"இன்னும் ஏழே நாளுங்க..."

"நானா போய்க் குடிச்சேன்? உன்ற பொண்ணுதான் ஊத்திக் குடுத்தா!"

கராஜ் கதவு திறந்தது. கார் போனது. அரை மணி நேரத்தில் பாட்டில் சுற்றிய பழுப்புப் பேப்பர் பையோடு வந்தது.

அவரை ஒன்றும் சொல்ல முடியாமல் அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஒரு லேபிளப் படிக்க மாட்டியாடி? பேருக்குத்தான் ஹானர்ஸ் கிளாஸா?"

படித்திருக்க வேண்டும்தான். முட்டை இருக்கிறதா, ஜெலட்டின் இருக்கிறதா என்று எல்லாப் பாக்கெட்டையும் பார்த்தேன். வாசனைக்கு ஊற்றுகிற ஒன்றில் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. அதே ட்ரேயில் சாப்பிட்ட ஐந்து பேர் கழுத்திலும் மாலை இப்போதும் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அவர்கள் இருமுடி கட்டப் போவார்கள்.

இரண்டு டீஸ்பூன், ஆறு பேருக்கு. ஒருவருக்கு மட்டும் அது போதுமானதாக இருந்திருக்கிறது.

கீழே டிவி ஓடுகிறது. இடையிடையே ஐஸ் சத்தம் கேட்கிறது. என் ரூம் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஃபிரிட்ஜில் இன்னும் நாலு துண்டு மிச்சம். காலையில் நான்தான் சூடு பண்ணிக் கொண்டுபோய் அவர் முன்னால் வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். மன்னிப்பும் கேட்க வேண்டுமாம்.

கேட்கிறேன். இதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

காலையில் அவரை நான் என்னவென்று கூப்பிடுவது? சாமி என்றா, அப்பா என்றா?