செக்யூரிட்டி மாமா பிடித்துக்கொண்டு போய்விடுவார்

இன்று விழுப்புரத்தில் ஒரு துணிக்கடைக்குப் போனோம். நானும் என் மகளும் மட்டும்!

(தைரியம்தான்!)

மகள் யாழினிக்கு நாலு வயது. எல்கேஜி. ஆண்டு விழா டான்ஸுக்கு மஞ்சள் பட்டுப்பாவாடை வேண்டுமாம். எங்கள் ஊர் திண்டிவனத்தில் கடை கடையாக ஏறி இறங்கியும் மிஸ் கேட்ட மஞ்சள் கிடைக்கவில்லை. மனைவிக்கு இன்று டியூட்டி. பொறுப்பு என் தலையில்.

கடை வாசலில் நல்ல கூட்டம். நீலச் சட்டை, தொப்பி, விசிலோடு ஒரு செக்யூரிட்டி அண்ணன். ஆள் நல்ல உயரம், மீசையும் பெரிசு.

யாழினி என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடப் பார்த்தாள். எல்லா அப்பாக்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன்.

"அப்பா கைய வுட்டேன்னா, அந்த செக்யூரிட்டி மாமா மூட்டையில போட்டு புடிச்சிக்கினு போயிடுவாரு. பாத்துக்க!"

அந்த அண்ணனும் எனக்கு ஒத்தாசையாக மீசையை முறுக்கி, கண்ணை உருட்டிக் காட்டினார்.

யாழினி கப்சிப்! என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குள் பெருமை வேறு. (பிள்ளை வளர்ப்பில் நாம் யாரு!)

இரண்டாவது மாடியில் சேல்ஸ் பெண் பாவாடைகளை வரிசையாக எடுத்துப் போட்டார். நான் மனைவிக்கு வீடியோ கால் போட்டேன்.

"இன்னாங்க, இது எலுமிச்சை மஞ்சளு. மிஸ் கேட்டது மாம்பழ மஞ்சளுங்க."

"ரெண்டும் மஞ்சள்தானம்மா!"

"வெளிச்சத்துல காட்டுங்க. ஐயோ, உங்க மூஞ்சிய இல்ல, பாவாடைய!"

ஒரு கையில் போன். பாவாடையை விரித்துக் காட்ட இன்னொரு கை வேண்டும்.

யாழினியின் கையை விட்டேன்.

பேசி முடித்துக் கீழே பார்த்தால் பிள்ளை இல்லை.

முதலில் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம் டேபிளுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அப்புறம் கத்த ஆரம்பித்தேன்.

அந்த செக்யூரிட்டி அண்ணன் ஏதோ ஒரு பண்டலை மாடியில் இறக்கிவைக்க அப்போதுதான் வந்திருந்தார். என் குரலைக் கேட்டு ஓடி வந்தார்.

"இன்னா சார், பாப்பா காணமா? பேஜாராவாதீங்க. கீழ கதவ மூடச் சொல்றேன். இன்னா கலர் டிரெஸ்ஸு?"

தெரியவில்லை!

காலையில் மனைவிதான் உடுத்திவிட்டாள். பஸ்ஸில் வழியெல்லாம் என் மடியில் உட்கார்ந்து வந்த பிள்ளை. எலுமிச்சை மஞ்சளுக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் வித்தியாசம் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, சொந்த மகள் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. வெட்கக்கேடு.

மைக்கில் பெயர் சொல்லி அறிவித்தார்கள். அந்த அண்ணன் என் கூடவே மாடி மாடியாக ஓடினார்.

"யாழினி பாப்பா! எங்கம்மா கீற? மாமாகிட்ட வா கண்ணு!"

வெளியே பஸ்ஸும் லாரியும் பறக்கிற ரோடு. மயிலம் முருகா, மொட்டை போடுகிறேன், பிள்ளையைக் காட்டிவிடு என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசியில் சேல்ஸ் பெண்தான் கூப்பிட்டார். "அண்ணா, ஜல்தி வாங்க! இங்க ரெண்டு கால் தெரியுது!"

நைட்டிகள் தொங்கும் வரிசைக்குப் பின்னால், சுவரோடு சுவராக நின்றிருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நாங்கள் அந்த வரிசையை எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறோம். நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்டிருக்கிறது. ஆனால் என் பக்கத்திலேயே அவரும் இருந்தாரே!

அந்த அண்ணன் சந்தோஷத்தில் தூக்கக் குனிந்தார். வீல் என்று கத்தினாள். பயத்தில் ஒன்றுக்குப் போய் உடுப்பெல்லாம் நனைந்துவிட்டது.

"நான் கைய வுடலப்பா! நீதாம்பா வுட்ட! அந்த மாமாகிட்ட சொல்லுப்பா!"

கடையே எங்களைப் பார்த்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அவள் தொலைந்தே போகவில்லை. நான் கையை விட்டேன், அவர் மாடியேறி வந்தார், அவள் ஒளிந்துகொண்டாள். அவ்வளவுதான் நடந்தது.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். "நானும் மீசைய முறுக்கினேனே சார். எங்க வூட்லயும் இத்தினிக்காண்டு ஒண்ணு கீது சார்" என்றார்.

"தப்பு என்மேலதாண்ணா. நீங்க இன்னா பண்ணீங்க" என்றேன். ஒரு சாக்லேட் வாங்கி வந்து நீட்டினார். யாழினி முகத்தைக் கூடத் திருப்பவில்லை. அதை என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார். பாவம், பிள்ளையைத் தேடி ஓடியதற்கு அவருக்குக் கிடைத்தது அந்தப் பாராமுகம்தான்.

பாவாடை வாங்கவில்லை. மாற்றுத் துணி மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு பஸ் ஏறினோம். (மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். மொட்டைக்கு முன்பே எனக்குத் தலை போகும்!)

பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். "அம்மாடி, அப்பா பொய் சொல்லிட்டேன். அந்த மாமா ரொம்ப நல்லவரு. உன்ன தேடிக்கினுதான் வந்தாரு."

யாழினி நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"கண்டக்டர் மாமா?"

"நல்லவரும்மா."

"ஊசி போடுற டாக்டரு?"

"அவங்களும் நல்லவங்கதான்."

"குப்ப வண்டி அண்ணன்?"

"அவரும் நல்லவரு."

(ஒவ்வொரு பெயரும் நாங்கள் வீட்டில் சோறு ஊட்டும்போது சொன்னதுதான்.)

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நெசமா புடிச்சிக்கினு போறவங்க எப்பிடிப்பா இருப்பாங்க?"

திண்டிவனத்தில் இறங்கும்வரை அவள் கையை நான் விடவில்லை.

குழந்தை வைத்திருப்பவர்களே, நீங்கள் என்ன சொல்வீர்கள்?