அகராதி ஓதிய ஹாபிழ்

சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஒரு பின்னேரம் போய்க்கொண்டிருந்தேன். கவிழ்த்து வைத்த தோணிக்கு அப்பாலிருந்து ஓதுகிற சத்தம் கேட்டது. நல்ல இராகம். கையிலிருந்த சிகரெட்டை மணலில் நசுக்கிவிட்டு மரியாதையாக நின்றேன். காது கொடுத்துக் கேட்டால், "அபேஸ், தாழ்த்துதல், அபேட், தணிதல், அப்டிகேட், பதவி துறத்தல்" என்று போகிறது.

"தம்பி, இதென்ன ஓதல்?" என்றேன்.

எழும்பினவன் மீராசா. சின்ன வயதிலேயே குர்ஆன் முழுவதையும் மனனமிட்ட ஹாபிழ்.

"அமெரிக்காவில படிக்க ஒரு சோதினை இருக்காம் காக்கா. கொழும்பில வைக்கிறாங்க. இந்தச் சொல்லெல்லாம் பாடமிருந்தா எடுபடலாமாம்."

அது எண்பத்திரண்டாம் ஆண்டு. பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரச் சோதினையை மூன்று தரமும் எழுதி, மூன்று தரமும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவன். அவனுக்கு மிஞ்சியிருந்த கதவு இது ஒன்றுதான். எங்கள் குடும்பத்துக்கு முதல் பட்டம் கொண்டுவந்தவன் நான். அந்தப் பெருமையோடேயே சொல்கிறேன், என்னைவிடக் கூர்மையான தலை அவனுக்கு.

படித்தது மதரசாவில் பழகின முறையில். இன்றைய பாடம், நேற்றைய பாடம், பிறகு தலையிலிருந்து எல்லாம். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை இழுத்துக்கொண்டு வரும். நடுவிலிருந்து ஒரு சொல்லைக் கேட்டால், கண்ணை மூடி அந்த எழுத்தின் முதற் சொல்லிலிருந்து ஓதிக்கொண்டு வந்து சொல்லுவான். கேட்டவர்கள் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். அது பிழையென்று சொல்ல ஆளில்லை. அந்தச் சோதினையை எங்கள் ஊரில் யார் கண்டது?

கொழும்பில் தாளைத் திறந்தால், ஒரு சொல்லைப் போட்டு எதிர்ச்சொல் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கு அரை நிமிஷமும் இல்லை. இவன் ஒவ்வொன்றுக்கும் தலையிலிருந்து ஓதியிருக்கிறான். சொல் வந்து சேர்வதற்குள் நேரம் போய்விடுகிறது. உதடு அசைவதைக் கண்டு பின்னாலிருந்த கொழும்புப் பொடியன், "மச்சான், மௌலவி நமக்கும் சேத்து துஆ கேக்கிறார்டா" என்றானாம். மேற்பார்வையாளர் வந்து வாயை மூடச் சொல்லியிருக்கிறார்.

"வாயை மூடினத்துக்குப் பொறகு ஒண்டும் வரல்ல காக்கா" என்றான் என்னிடம். "எல்லாம் உள்ளுக்கு இரிக்கி. ஒண்டும் வரல்ல."

பாதித் தாள் வெறுமையாகவே போனது. எந்தப் பல்கலைக்கழகமும் எடுக்கவில்லை.

அந்த நோன்பு மாதத்தில், இரவுத் தொழுகையான தறாவீஹில் முன்னின்று குர்ஆனை மனனமாக ஓதித் தொழுவித்தபோது ஓரிடத்தில் தடக்கினான். எந்த ஹாபிழுக்கும் வருகிற தடக்கல்தான். பின்னால் நின்றவர் எடுத்துக் கொடுத்தார், தொழுகை நடந்தது. ஆனால் பள்ளியை விட்டு இறங்கியதும் ஊரின் பெரிய வயற்காரர் கச்சிமுகம்மது போடியார் சத்தமாகச் சொன்னார்:

"அமெரிக்காக்காரன்ட சொல்லு உள்ளுக்குப் போனா, அல்லாஹ்ட சொல்லு வெளிய வரத்தானே செய்யும்!"

எல்லாரும் சிரித்தார்கள். போடியாரின் மகன் கொழும்பில் இங்கிலிசுப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குள்ளிருந்து எது வெளியே போனது என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த நோன்புக்கு வெளியூரிலிருந்து வேறு ஹாபிழைக் கூட்டி வந்தார்கள். மீராசா கடைசி வரிசையில் நின்று தொழுதான். அமெரிக்கா என்ற பேச்சை அதற்குப் பிறகு அவன் வாயில் நான் கேட்கவில்லை.

இப்போது சவூதியில், தம்மாம் துறைமுகத்தில் சாமான் இறக்குகிறான்.