புழு மருந்துக்காரர் பார்த்த பட்டாம்பூச்சி

என் தங்கை திலகவதியைக் கட்டிய ரெங்கசாமி, கறம்பக்குடியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறார். வேட்டி, சட்டை, தலைமயிர், வியர்வை எல்லாவற்றிலும் அந்த வாடைதான். கல்யாண வீட்டில் அவர் எந்த வரிசையில் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். போன வருஷம் ஒரு கம்பெனியின் புழு மருந்தை மாவட்டத்திலேயே அதிகமாக விற்றதற்காக அவருக்கு மலேசியா டூர் கொடுத்தார்கள். இரண்டு டிக்கெட். கடை வாசலில் ஃப்ளெக்ஸும் வைத்தார்கள். அதில் மல்லாந்து செத்துக் கிடந்தது ஒரு புழு, பக்கத்தில் கைகூப்பி நின்றார் என் மாப்பிள்ளை.

ஊரே வந்து வாழ்த்தியது. பெற்ற மகள் மட்டும் அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழேயே சைக்கிளை உருட்டிக்கொண்டு பேசாமல் போனாள்.

மோகனப்ரியா எட்டாவது படிக்கிறாள். கடையும் வீடும் ஒன்றாக இருக்கும் அந்த இடத்தில், வாசலில் ஒரு எலுமிச்சை மரம். அதில் வந்த பச்சைப் புழுக்களைப் பிள்ளை வளர்த்தாள். தொட்டால் அதுகள் சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டும். ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர்களின் பேரை வைத்திருந்தாள். இருப்பதிலேயே தடியானதற்கு என் பேர். எனக்கு அதில் வருத்தம்தான், இருந்தாலும் தாய்மாமனுக்கு அந்த அளவுக்காவது மரியாதை கிடைத்ததே என்று விட்டுவிட்டேன். அப்பா பேர் எதற்கும் இல்லையா என்று ரெங்கசாமி கேட்டிருக்கிறார். கொல்கிறவர் பேரை வைத்தால் புழு இலை தின்னாது என்று சொல்லிவிட்டாளாம்.

அந்த ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால், சித்திரை மாதத்தில் ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர், புது மருந்து வேலை செய்யுமா என்று சந்தேகப்பட்டார். ரெங்கசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. பாருங்க என்று ஸ்பிரேயரை எடுத்து வாசல் மரத்திலேயே அடித்துக் காட்டிவிட்டார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை பார்த்தபோது, தரையெல்லாம் சொந்தக்காரர்கள் செத்துக் கிடந்தார்கள்.

அன்றோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். "அம்மா, சோறு ஆறுதுன்னு அவுங்ககிட்ட சொல்லு," என்பாள், அவர் எதிரிலேயே. அந்த 'அவுங்க'தான் மனுஷனை அறுத்தது. பேனா, கொலுசு, பரோட்டா எல்லாம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். பரோட்டாவை மட்டும் தின்றாள், பேசவில்லை.

திலகவதிக்குப் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறினாலே வாந்தி வரும். ஏரோப்ளேன் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அவர் தொலைந்து போகாமல் பார்த்துக்கொள் என்று என்னை அனுப்பினாள். எனக்கும் ஆசைதான். பத்துமலை முருகனைப் பார்த்துவிட்டு, அந்த ரெட்டைக் கோபுரத்துக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று வெள்ளைச் சட்டைகூட தைத்துக்கொண்டேன்.

கோலாலம்பூரில் இறங்கினால், ஷர்லி என்ற மலேசியத் தமிழ்ப்பெண் பட்டாம்பூச்சி போட்ட அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஊர் சுற்றிக்காட்டும் டூரில் இடம் இல்லையாம். மிச்சம் இருந்த ரெண்டு சீட்டில் கம்பெனிக்காரன் எங்களைத் தள்ளிவிட்டிருக்கிறான். மலைக்காட்டுக்குப் போய்ப் பட்டாம்பூச்சி பார்க்கிற டூர், கூட வருகிறவர்கள் அத்தனை பேரும் வயசான வெள்ளைக்காரர்கள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். இந்த மனுஷன் பெருமாள் கோயிலை இடித்துவிட்டு ராமாயணம் படிக்க விமானம் ஏறி வந்திருக்கிறார். எங்கே போய் முட்டிக்கொள்வது? முருகன் இருக்கிற திசையைப் பார்த்து வேனிலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன்.

ஆனால் ரெங்கசாமியின் முகம் தெளிந்துவிட்டது.

"மச்சான், ஒரு பட்டாம்பூச்சிய கிட்டக்க நின்னு போட்டோ எடுத்துட்டுப் போனா, பாப்பா ஒரு வார்த்த பேசிரும்ல?"

எனக்கு எரிச்சல் அடங்கிவிட்டது. பேசிரும் மாப்ள என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் காலைச் சாப்பாட்டில் காரியத்தைக் கெடுத்துவிட்டார். எல்லாரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். ஒருவர் வாத்தியாராம், ஒரு பாட்டி நர்ஸாக இருந்தவராம். ரெங்கசாமி வியாபாரப் பழக்கத்தில் ஆளுக்கொரு விசிட்டிங் கார்டு நீட்டினார். அதிலும் அதே மல்லாந்த புழு. பாட்டி ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் மேசைப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

காட்டுக்குள் போனதும் வாடை பிரச்சினையாகிவிட்டது. அவர் நின்ற பக்கம் பட்டாம்பூச்சி எட்டிப்பார்க்கவில்லை. வாத்தியார் மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஷர்லியிடம் ஏதோ சொன்னார். ஷர்லி தயங்கித் தயங்கி வந்து, ஐயா கொஞ்சம் தள்ளி, காத்து அடிச்சுப் போற பக்கமா நில்லுங்க என்றார். பாவம், மூன்று வேளை குளித்தார். ஹோட்டல் சோப்பு அத்தனையும் கரைத்தார். என் வெள்ளைச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார், அதுவும் வாடை அடிக்கத் தொடங்கிவிட்டது. கடைசி நாள் வரைக்கும் அவர் போனில் இருந்ததெல்லாம் வெள்ளைக்காரர்களின் முதுகுகள்தான்.

கடைசி நாளும் ஓர் ஓடைக்கரையில் எங்களைத் தனியே உட்கார வைத்துவிட்டு, அவர்கள் அங்கிட்டு வளைவுக்கு அப்பால் போய்விட்டார்கள். ரெங்கசாமிக்குக் கண் கலங்கியிருந்தது. பெற்ற பிள்ளைதான் பேசவில்லை என்றால், பட்டாம்பூச்சியும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிறதே என்றார். பிறகு எழுந்தார். காட்டில் கக்கூஸ் ஏது? நம்மூர் ஆம்பளைக்கு ஒதுங்க இடம் சொல்லித்தர வேண்டியதில்லை. மணல் ஓரமாக ஒதுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக ஒன்று வந்து அந்த ஈர மணலில் இறங்கியது. பிறகு கறுப்பும் பச்சையுமாக ஒன்று. நான் வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் மணலே தெரியவில்லை, அத்தனை பட்டாம்பூச்சி! ரெங்கசாமி மண்டியிட்டார். பக்கத்தில் இருந்த ஒன்றைப் போட்டோ எடுத்தார். அது இறக்கையை விரித்துக்கொண்டு அசையாமல் இருந்தது.

சத்தமில்லாமல் வெள்ளைக்காரர்கள் வந்துவிட்டார்கள். வாத்தியார் அந்த மணலிலேயே குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றிக் கேமராவைப் பிடித்தார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன். நர்ஸ் பாட்டி கண்ணீரோடு வந்து ரெங்கசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் அந்தக் கையை இன்னும் கழுவியிருக்கவில்லை. என்ன வைத்து வரவழைத்தீர்கள் என்று ஷர்லி கேட்டார்.

"கொஞ்சம் உப்புத் தண்ணி ஊத்துனேங்க," என்றார் ரெங்கசாமி.

ஷர்லிக்கு விவரம் தெரியும் போலிருக்கிறது, வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

ஊருக்கு வந்ததும் பெட்டியைக்கூடத் திறக்காமல், போனை மகள் முன்னால் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். பிள்ளை எடுத்துப் பார்த்தாள். விரலால் பெரிசாக்கிப் பார்த்தாள்.

"எலுமிச்சப் புழுப்பா இது," என்றாள். "நம்ம மரத்துல இருந்துச்சுல்ல, அதுதான். விட்டிருந்தா இப்படித்தான் ஆயிருக்கும்."

அப்பா என்று கூப்பிட்டதற்குச் சந்தோஷப்படுவதா, மீதிச் சொல்லுக்கு அழுவதா என்று தெரியாமல் மனுஷன் ரெண்டையும் செய்தார்.

இப்போது கடை வாசலில் அந்த எலுமிச்சை மரம் ஒன்றிரண்டு இலையோடு குச்சி குச்சியாக நிற்கிறது. கம்பெனிக்காரன் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போனான். நான் போயிருந்த அன்று, மருந்து வாங்க வந்த விவசாயி ஒருவர் மரத்தையும் ஃப்ளெக்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒங்க மரத்துக்கே ஒங்க மருந்து கேக்கலையா என்று கேட்டார்.

ரெங்கசாமி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அதுல அடிக்கக் கூடாதுங்க. அந்தா, மேக்கால கெளையில தடியா ஒன்னு தின்னுக்கிட்டு இருக்கு பாருங்க. அது நான்தான்."

விவசாயி அந்தப் புழுவைப் பார்த்தார், ரெங்கசாமியைப் பார்த்தார். பிறகு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.