பதினோரு மணிக்கு அவிழ்த்துவிட்ட நாய்

வெல்டா ஹாஸ்கின்ஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. பள்ளி நடக்கும் மாதங்களில் பேருந்து ஓட்டுவாள். கோடையில் நிலக்கடலையும் பன்றி வேட்டையும். கணவன் இறந்த பிறகு, கடலைக் காட்டை உழுது தள்ளும் காட்டுப்பன்றிகளுக்கும் அவளுக்கும் நடுவே நின்றது மேபல்தான். பன்றியின் காதைக் கவ்விப் பிடிக்கும் பிடிநாய்.

எங்கள் தெற்கு டெக்ஸாஸில் ஆகஸ்ட் வந்தால் ஒன்பது மணிக்குள் நாய்கள் கூண்டுக்குத் திரும்பிவிட வேண்டும். பன்றியின் தந்தம் கிழிக்காமலிருக்க மாட்டும் தடித்த கவசம், அந்த வெயிலில் நாயை உள்ளேயே வேகவைத்துவிடும். இது அவள் கொழுந்தன் லேலண்டுக்கும் தெரியும்.

தெரிந்தும் பதினோரு மணிக்கு நாய்களை அவிழ்த்துவிட்டான். ஊர்ப் பன்றிப் போட்டியில் அன்று கடைசி நாள். நாய் வைத்துப் பிடித்த பன்றிகளை மதியம் எடை போடுவார்கள், கனமானதற்குப் பரிசு. டிராக்டர் பெல்ட் வாங்கப் போன வெல்டா திரும்பியபோது மணி பதினொன்றரை, நூற்றேழு டிகிரி, கூண்டு காலி. ஓடைப் பக்கம் நாய்கள் குரைத்தன. வண்டியை அங்கே விரட்டினாள்.

சேற்றுக் குட்டையில் காட்டுப்பன்றிக் கிடா ஒன்று சுகமாகக் கிடந்தது. மற்ற இரண்டு நாய்களும் தள்ளி நின்று குரைத்தன. மேபல் கரையில் சரிந்து கிடந்தாள். நாக்கு கருநீலமாகத் தொங்கியது. உடம்பில் கவசம் அப்படியே இருந்தது. பக்கத்தில் லேலண்ட் நின்றிருந்தான்.

"யோவ்! இன்னுமா கழட்டல?"

"ரெண்டு நிமிஷந்தான் அண்ணி, கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு மறுபடி பிடிக்கும்னு..."

அவள் கத்தியால் வார்களை அறுத்தாள். வண்டியிலிருந்த குடத்துத் தண்ணீரை நாயின் அடிவயிற்றில் ஊற்றினாள். லேலண்ட் அவள் வண்டியின் ஐஸ் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளிக்கொண்டு ஓடி வந்தான்.

"வெந்த உடம்புல ஐஸை வெச்சு அதைக் கொன்னுறாத. தள்ளிப் போ."

"அண்ணி, இந்தக் கிடா நானூறு பவுண்டுக்குக் குறையாது. துப்பாக்கியால சுட்டா போட்டியில சேத்துக்க மாட்டாங்க. மத்த ரெண்டையும் ஒரு தடவை ஏவி விட்டீங்கன்னா..."

வெல்டா நிமிர்ந்தாள். இருபது வருடம் அவனுக்குச் சோறு போட்ட முகமாக அது இல்லை.

"காது வேணுமா? நீயே போய்க் கவ்வு. பல்லு இருக்குல்ல? கவசத்தையும் மாட்டிக்க."

சீழ்க்கையடித்தாள். குரைத்துக்கொண்டிருந்த இரண்டும் அந்த நொடியே திரும்பி வந்து வண்டியில் ஏறின. கிடா எழுந்தது, சேற்றை உதறியது, முட்புதருக்குள் நிதானமாக நடந்து போனது. அவள் கடலைக் காட்டைத் தின்ற பன்றி. போகட்டும் என்று விட்டாள்.

மேபலை முன் இருக்கையில் கிடத்தி ஏசியை முழுதாகத் திருப்பினாள்.

"நான் எப்படி வீடு போறது? இறக்கிவிட்டவன் போயிட்டான். மூணு மைல் அண்ணி!"

தண்ணீர்ப் புட்டி ஒன்று அவன் காலடியில் வந்து விழுந்தது.

"குடிச்சிட்டு நட. அதுக்கு வாய் இல்ல, தண்ணி கேக்கத் தெரியல. உனக்கென்ன?"

மாலை ஐந்து மணிக்குக் கால்நடை மருத்துவர் வெளியே வந்தார். "பொழைச்சிடும் வெல்டா. ஆனா இனி வேட்டைக்கு ஆகாது. சிறுநீரகம் அடிபட்டிருச்சு."

அப்போதுதான் அவள் அழுதாள். வெயிலில் வெந்த முகத்தோடு வாசலில் தொப்பியைக் கையில் பிடித்து நின்றிருந்த லேலண்ட் ஓரடி முன்னே வந்தான்.

"அண்ணி, மன்னிச்சி..."

"அதுகிட்ட போய்ச் சொல்லு," என்றாள் வெல்டா, கண்ணைத் துடைக்காமலே. "அது மன்னிச்சிரும். நாயாச்சே. நான் மாட்டேன்."