கடைசிப் பாத்திக்குத் தண்ணீர்

அப்பா இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேர் அவருடைய தோட்டத்தில் சேற்றுக்காலோடு நின்றவர்கள். அதனால் மகளாகிய நான் அந்தத் தோட்டத்துக் கோடையைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன்.

பவானிப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்த அப்பா, சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சிங்காநல்லூருக்கு வந்து மில் வேலையில் சேர்ந்தார். பஞ்சுத் தூசியிலும் ராத்திரி ஷிப்டிலும் உழைத்து, அண்ணனையும் என்னையும் படிக்கவைத்தார். மில்லை மூடியபோது உடன் வேலை பார்த்தவர்கள் இடிந்துபோனார்கள். அப்பாவோ அம்மாவை அழைத்துக்கொண்டு தொண்டாமுத்தூருக்குக் குடிபோய், அம்மா வழி நிலத்தில் காய்கறி போட ஆரம்பித்துவிட்டார்.

மே மாதம் பிறந்தால் எங்கள் இரண்டு குடும்பமும் அங்கேதான். வந்தவர் யாராயினும் ஒரு பாத்திக்காவது தண்ணீர் கட்டிய பிறகே சாப்பிட உட்கார வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். புது மாப்பிள்ளைக்கும் விலக்குக் கிடையாது. அப்புறம் கிணற்றடித் தொட்டியில் குளியல், நுங்கு, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்ட மாங்காய். அப்பா வைக்கும் ரசம் மட்டும் சுமார்தான். அதையும் பிரமாதம் என்று சொல்லியாக வேண்டும்.

அம்மா மறைந்ததும் இந்தக் கோடைக்கே ஆபத்து வந்தது. யானை வருகிற இடத்தில் அப்பாவைத் தனியே விடக்கூடாது, தன் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும் என்றார் அண்ணன். செடிகளை விட்டு வந்தால் அப்பா வாடிப்போவார் என்றேன் நான். அண்ணன் பிடிவாதக்காரர்; நான் அவருடைய தங்கை. வார்த்தை தடித்து, பேச்சு நின்றது. இரண்டு ஆண்டுகள் எல்லாத் தகவலும் அண்ணி மூலமாகத்தான். அப்பா காலத்துக்குப் பின் எங்களுக்குள் உறவே மிஞ்சாதோ என்று பயந்தேன். அப்பா என்னைவிடப் பயந்தார்.

தண்ணீர் கட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கிணற்றடியில் மோட்டாரருகே நிற்பார். கடைசிப் பாத்தி வாழைகளுக்கு அப்பால் இருப்பதால் அவருக்குத் தெரியாது. அது நிரம்பியதும் அங்கே நிற்பவர் குரல் கொடுக்க வேண்டும். பேசாத நாங்கள் நின்றபோது, அப்பா நடுவே வாழையடியில் நின்று என் சொல்லை அண்ணனுக்குக் கடத்துவார்: “நெறஞ்சிருச்சாமா, நிறுத்து கண்ணு!”

போன ஆண்டுக் கோடையில் ஒரு நாள் அப்பா மோர் குடிக்க உள்ளே போய்விட்டார். பாத்தி நிரம்பியது. நான் வாயைத் திறக்கவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு, பிடுங்கத் தயாராகக் காய்ந்திருந்த சின்ன வெங்காயத்துக்குள் பாய்ந்தது.

அப்பா வந்து பார்த்தார். “ரெண்டு பேரும் வாயை ஊட்டுலயே வெச்சுப்போட்டு வந்துட்டீங்களா? செரி, எறங்கிப் பொறுக்குங்க.”

குழந்தைகள் உட்பட எல்லோரும் சேற்றில் இறங்கினோம். அண்ணனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து பிடுங்கினோம், அப்போதும் பேசவில்லை. ஒரு வாரம் மூன்று வேளையும் வெங்காயம்தான்.

மழைக்காலத்தில் அப்பா நோயில் படுத்துவிட, அண்ணன் அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போனார். அங்கே மாடித் தாழ்வாரத்தில் தக்காளியும் கத்தரியும் தொட்டிகளில் வைத்து, அப்பாவின் கட்டிலை அவற்றின் பக்கத்தில் போட்டிருந்தார். நான் போனபோது அண்ணன் தண்ணீர் ஊற்ற, “போதுமப்பா, வேரு அழுகீரும்” என்று அப்பா அதிகாரம் செய்துகொண்டிருந்தார். அண்ணனைத் தவறாக நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். ஐப்பசியில் அப்பா அங்கேயே அமைதியாகக் கண்மூடினார்.

அப்பாவைக் கவனித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், அந்த நாட்களில் செடிகளைக் காய விடாமல் காத்த பக்கத்துத் தோட்டத்துத் தம்பதிக்கும், குழந்தையைப்போல் ஊட்டிவிட்ட அண்ணிக்கும் எங்கள் நன்றி. அண்ணனுக்கு நன்றி சொல்லத்தான் எனக்கு நாளாயிற்று.

இந்த மே மாதமும் போனோம். அண்ணன் கிணற்றடிக்குப் போனார், நான் கடைசிப் பாத்திக்கு. பாத்தி நிரம்பியது. வாழையடியில் யாரும் இல்லை.

“நெறஞ்சிருச்சுங்கண்ணா! நிறுத்துங்க!” என்று கத்தினேன்.

மோட்டார் நின்றது. “கேட்டுச்சு அம்மணி” என்றார் அண்ணன்.

வரும் கோடைக்கு நீங்களும் வாருங்கள். சாப்பாடு உண்டு, அதற்கு முன் ஒரு பாத்தி.